புதுச் சப்பாத்துக்குத் தேசிக்காய்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிட்னியில் ஐஸ் சறுக்கும் மண்டபமொன்றில் துப்புரவு வேலை செய்தேன். அங்கே ஒரு லித்துவேனியப் பெண் போட்டிக்குச் சறுக்கிப் பழகினாள். மெல்பேர்ன் போட்டியில் வென்றால் தன் நாட்டு அணியில் எடுப்பார்கள் என்றிருந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய பழைய சறுக்குச் சப்பாத்து கிழிந்துபோனது. புதுசு போட்டதிலிருந்து, பாய்ந்தபோதெல்லாம் விழுந்தாள். ஓரமாக இருந்து அழுதாள். ஆறுதல் சொல்ல எனக்குக் கூச்சம்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "புதுக் கார்ச் சில்லுக்குக் கீழே வைக்கிற மாதிரி தேசிக்காய் வையுங்கோவன்" என்று பகிடி பண்ணினாள்.

நான் உண்மையாகவே பென்டில் ஹில் தமிழ்க் கடையில் இரண்டு வாங்கிப்போய், ரப்பர் விரிப்பில் வைத்து, அந்தப் பெண்ணுக்கு எங்கள் கார் வழக்கத்தைச் சொன்னேன். அவள் ஏறி மிதித்தாள். சப்பாத்தின் அடியிலிருந்த கூர் இரும்பு, காய்களைச் சரிபாதியாக வெட்டியது.

"இதென்ன, மீன் கடையா?" என்று அவளுடைய பெண் பயிற்சியாளர் கத்தினா.

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்தபடியே போய்ப் பாய்ந்தாள். விழவில்லை.

மெல்பேர்னிலிருந்து வந்ததும் நேரே என்னிடம் ஓடிவந்தாள்.

"அங்கிள், என்னை எடுத்துவிட்டார்கள்! என் அம்மா புதுக் கார் வாங்குகிறா. நாலு தேசிக்காய் வேணும்."

14.6.2009