இடது குழல்

கணேசலிங்கத்தின் இடது பெருவிரல் லண்டனுக்கு வெளியே சரே பக்கத்து வயலொன்றில் எங்கோ கிடக்கிறது. தேடாமல் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. கூடப்போன சந்திரகுமார், ஸ்ட்ரெதத்தில் பிளம்பர் வேலை செய்கிற மனிதன், ஆம்புலன்ஸ் வரும்வரை வயலில் முழங்காலில் தவழ்ந்து தேடினார். சுட்டுவிரலின் பாதி கிடைத்தது. பெருவிரலை நரி கொண்டுபோயிருக்கும் என்று கணேசலிங்கமே பிறகு சொல்லிச் சிரித்தார். கூடச் சிரிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

தெற்கு லண்டன் கோலியர்ஸ் வுட்டில் அவருடைய இறைச்சிக்கடையைத் தெரியாத தமிழ் வீடு இல்லை. கிழமை முழுக்க வெட்டும் கொத்துமாக இருக்கிறவர் ஞாயிறாவது ரத்தம் பார்க்காமல் இருக்கக்கூடாதா என்று கேட்டவர்கள் உண்டு. இருக்க மாட்டார். ஞாயிறு விடிந்தால் இரும்புப் பெட்டகத்திலிருந்து துவக்கை எடுத்துக்கொண்டு, விதைத்த தானியத்தைப் பொறுக்க வரும் காட்டுப்புறாக்களைச் சுடப் போய்விடுவார். வயற்காரருக்குப் புறாவால் தொல்லை, இவருக்குத் துவக்கில் ஆசை. இரண்டும் பொருந்திப் போயின.

துவக்கு இரட்டைக்குழல், குழல்வாயின் அளவு பதினாறு கேஜ். இங்கிலாந்துக்காரர் அநேகம் பேர் வைத்திருப்பது பன்னிரண்டு கேஜ்; பதினாறு அதைவிட ஒடுக்கம், பாரமும் குறைவு. லண்டனுக்கு வருமுன் பிரான்சில், ரூவான் நகரத்து இறைச்சிக்கடையொன்றில் நின்ற காலத்தில் வாங்கியது. அங்கே முயலுக்குப் போகிறவன் தோளில் பதினாறு தொங்குவது சர்வசாதாரணம். இங்கே அதற்குத் தோட்டா வாங்குவதென்றாலே அலைச்சல். இதை விற்றுப்போட்டுப் பன்னிரண்டு எடுங்கள் என்று கடைக்காரன் ஒவ்வொரு முறையும் சொல்வான். இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"பன்னிரண்டு தோளிலை உதைக்கும். இருபது கையிலை இருக்கிறதே தெரியாது. பதினாறு எண்டால் உன்ரை கையே கொஞ்சம் நீண்டமாதிரி" என்று சந்திரகுமாரின் காதைத் தின்று தின்று, கடைசியில் அந்த அப்பாவி மனிதனும் ஒரு பழைய பதினாறைத் தேடிப்பிடித்து வாங்கினார்.

ஊர்வாய் சும்மா இருக்குமா? துவக்குக்குத் தப்பி ஓடிவந்த சனம் நாங்கள், இந்த ஆள் காசு குடுத்து வாங்கி வீட்டுக்குள்ளை வைச்சிருக்கு என்றார்கள். அவர்களுக்கு அவர் வாய் திறந்ததில்லை. சந்திரகுமாருக்கு மட்டும் ஒருதரம் சொன்னார். யாழ்ப்பாணத்தில், மீசை அரும்பிய வயதில், அவர் கண்ணுக்கு முன்னால் அண்ணனைக் கடைவாசலுக்கு இழுத்து முழங்காலில் இருத்திச் சுட்டார்கள். அண்ணனின் தலை இவருடைய சட்டையெல்லாம் தெறித்தது. பிறகு குழல் இவர் பக்கம் திரும்பியது. நெற்றியில் அதன் சூடு பட்டது. சுட்டவன் ஏனோ சிரித்துவிட்டு, சுடாமல் நடந்து போனான்.

"அண்டைக்கு நான் துவக்கின்ரை வாய்ப்பக்கம் நிண்டனான். இப்ப பிடிப்பக்கம் நிக்கிறன். எனக்கு அது காணும்" என்றார்.

அந்தச் சிரிப்பு அவரை விட்டுப் போகவில்லை. நித்திரையில் வந்தது. வந்தவனை அவர் நித்திரையிலேயே பிடித்து நெரித்தார். பிடிபட்டது பக்கத்தில் கிடந்த மனைவி தயாளினியின் கழுத்து. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிற தயாளினி, கழுத்தில் சால்வை சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். இன்னொரு முறை முழங்கை பட்டு அவருடைய முன்பல் உடைந்தது. விடிந்ததும் தலையணையில் ரத்தத்தைக் கண்ட கணேசலிங்கம் குழந்தைபோல் அழுதார். அழுது என்ன, அடி விழுந்தது விழுந்ததுதான்.

தயாளினிக்குத் துவக்கு என்றாலே ஆகாது. பெட்டகம் இருக்கிற சின்ன அறைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. ஆனால் அவருக்குக் கண் இருந்தது. சுட்டுவிட்டு வந்த ஞாயிறுகளில் மனிதன் அசையாமல் உறங்குவதையும், மழையென்று போகாமல் நின்ற கிழமைகளில் கை எழும்புவதையும் அவர் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். சொல்லத்தான் அவருக்கு வருசக்கணக்கில் எடுத்தது.

போன ஆயுதபூசைக்குச் சொன்னார். கடைக்கத்திகளைக் கழுவிச் சரஸ்வதி படத்துக்கு முன் அடுக்கிவிட்டு, சின்ன அறையின் வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சருங்கோ, அதையும் கொண்டுவந்து வையுங்கோ."

"எதை?"

"உங்கடை துவக்கை. கத்திக்குப் பொட்டு வைக்கிறம், அதுக்கு வைச்சால் என்ன? என்ரை மனுசனை நித்திரையாக்கிறது அதுதானே."

கணேசலிங்கம் பெட்டகத்தைத் திறந்து துவக்கை எடுத்தார். கொண்டுவந்து சுவரோடு சாய்த்து வைத்தார். தயாளினி அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். கோயிலில் சூலத்தின் முனையில் குத்துவதுபோல, பெரிய எலுமிச்சம்பழம் ஒன்றைக் குழல்களின் வாயில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக் குத்தினார். கணேசலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். கண் நிறைந்திருந்தவருக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. பூசை முடிந்து தயாளினி பழத்தைக் கழற்ற, அவர் துவக்கைத் துடைத்துப் பெட்டகத்தில் நிமிர்த்தி வைத்துப் பூட்டினார்.

மறுநாள் ஞாயிறு. குழலுக்குள் பார்க்காமல் தோட்டா போடுகிறவன் மனுசனே இல்லை என்று சந்திரகுமாரை ஓயாமல் ஏசுகிறவர் அவர்தான். அன்றைக்கு அவரே பார்க்கவில்லை. சாமிக்கு முன்னால் இருந்து எழும்பி வந்ததை, தயாளினி கையால் பொட்டு வைத்ததைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. தோட்டாக்களைப் போட்டு மூடினார்.

புறாக்கள் பற்றைக்கு மேலால் கூட்டமாக வந்தன. வலது குழலால் சுட்டார். ஒன்று சுருண்டு விழுந்தது. இடது குழலின் விசையை இழுத்தார்.

சத்தம் வழக்கமான சத்தமாக இல்லை. இரும்பு கிழிகிற சத்தம். குழல் நடுவில் பிளந்து வெளியே விரிந்தது. முகத்தில் சூடாக ஏதோ அடித்தது. அது தன்னுடைய ரத்தம் என்று விளங்க அவருக்குச் சற்று நேரம் எடுத்தது. இடது கையைப் பார்த்தார். பெருவிரல் இருந்த இடத்தில் வெள்ளை எலும்பு நீட்டிக்கொண்டு நின்றது. தசை கிழிந்து மணிக்கட்டுவரை தொங்கியது. வாழ்நாளெல்லாம் வெட்டிய இறைச்சி எப்படியிருக்குமோ அப்படியே இருந்தது.

சந்திரகுமார் அலறிக்கொண்டு ஓடிவருவது கேட்டது. அந்த இடைவெளியில்தான் கணேசலிங்கம் அதைக் கண்டார். கிழிந்த இரும்பின் விளிம்பில், கருகியும் கருகாமலும், ஒரு துண்டு மஞ்சள் தோல். பழத்தைக் குத்திய இடத்தில் இடது குழலின் வாய் அதை வட்டமாக வெட்டி எடுத்திருக்கிறது. நிமிர்த்தி வைத்த துவக்கில் துண்டு இரவோடிரவாக உள்ளே வழுக்கி இறங்கி அடைத்திருக்கிறது.

கையில் நோவு இன்னும் தொடங்கவில்லை. அவருக்கு ஒரேயொரு எண்ணம்தான் வந்தது: தயாளினிக்கு இது தெரியக்கூடாது. தெரிந்தால் அந்த மனுசி செத்துப்போகும். வலது கையால் அந்தத் தோலைப் பிய்த்து வாயில் போட்டு, கரிமருந்துக் கசப்போடு மென்று விழுங்கினார். பிறகுதான் கத்தினார்.

"சேத்துக்குள்ளை குழலைக் குத்திப்போட்டன்" என்று, பெல்டைக் கழற்றி இவருடைய கையை இறுக்கிக் கட்டிய சந்திரகுமாரிடம் சொன்னார்.

"இஞ்சை எங்கையண்ணை சேறு? நிலம் காய்ஞ்செல்லே கிடக்கு."

"சேறுதானடா!"

ஆஸ்பத்திரியில் தயாளினி வந்து குனிந்து முகத்தோடு முகம் வைத்து அழுதபோதும் அதைத்தான் சொன்னார். விசாரிக்க வந்த பொலிஸ்காரரிடமும் அதைத்தான் சொன்னார். அவர்கள் கண்டித்துவிட்டு, லைசன்சைப் பறிக்காமல் விட்டார்கள். சுடப் போகிற இடத்தில் மற்றவர்கள் நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டார்கள். எல்லோருக்கும் புத்தி சொன்ன ஆள் சேற்றோடு சுட்டுத் தன் கையைப் பிய்த்துக்கொண்டதாம். இதைவிட அந்தப் பெருவிரல் போனது அவருக்குச் சின்ன நோவு. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

துவக்கு போனதும் அந்தச் சிரித்தவன் நித்திரையில் திரும்பி வந்தான். காயம் ஆறும்முன்னரே வந்தான். கட்டுப்போட்ட கையாலேயே கணேசலிங்கம் அவனை அடித்தார். தையல் பிரிந்து, விழித்துப் பார்த்தபோது தயாளினியின் கன்னத்திலும் மார்பிலும் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. யாருடைய ரத்தம் என்று இருவருக்கும் தெரியவில்லை. அடுத்த கிழமை கழுத்தைப் பிடித்தார். விரல் குறைந்த கைதான், ஆனாலும் தயாளினி மூச்சுக்குத் திணறிக் கட்டிலிலிருந்து விழுந்தார். கணேசலிங்கம் தலையணையை எடுத்துக்கொண்டு கீழே சோபாவுக்குப் போய்விட்டார். இன்னொரு துவக்கு வாங்குவோம் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்டால் பழைய துவக்கின் பேச்சு வரும். பேச்சு வந்தால் பழம் வரும்.

ஒரு பின்னேரம், கடையால் வந்து கதிரையில் இருந்தவருக்குத் தேத்தண்ணியை வைத்துவிட்டுத் தயாளினி முன்னால் இருந்தார். கழுத்தில் நீலம் இன்னும் மாறவில்லை.

"சேறு இல்லை" என்றார்.

கணேசலிங்கம் கோப்பையை எடுக்கவில்லை.

"பழத்தைக் கழட்டேக்கை ஒரு பக்கம் வட்டமா ஓட்டை. துண்டைக் காணேல்லை. கீழை விழுந்திருக்கும் எண்டு விட்டிட்டன். ஆஸ்பத்திரியிலை நீங்கள் சேறு எண்டு சொல்லேக்கை உங்கடை வாய் எலுமிச்சம்பழம் மணத்தது."

"தயா, அது..."

"திண்டனீங்கள், என்ன?"

கணேசலிங்கம் ஓம் என்று தலையை ஆட்டினார். தயாளினி முகத்தைப் பொத்திக்கொண்டு, இத்தனை நாளாக அடக்கி வைத்ததையெல்லாம் அழுது தீர்த்தார். கணேசலிங்கமும் அழுதார்.

"தெரிஞ்சுகொண்டே ஏன் பேசாமல் இருந்தனீர்?"

"எனக்காக மறைச்சீங்கள். மறைச்சு ஆறுதலா இருக்கட்டும் எண்டு விட்டன். ஆனால் இனி ஏலாது." கண்ணைத் துடைத்தார். "இன்னொண்டு வாங்குங்கோ. பதினாறுதான்."

"பெருவிரல் இல்லாமல் எப்பிடிப் பிடிக்கிறது?"

"என்ரை கழுத்தைப் பிடிக்க ஏலுதெண்டால் அதையும் பிடிக்க ஏலும்" என்றார் தயாளினி. குரலில் கோபமும் இருந்தது, அதைவிடப் பெரிதாக வேறொன்றும் இருந்தது.

வாங்கினார். இதுவும் ஒரு பழைய பதினாறு, தேய்ந்த பிடி, நல்ல குழல்கள். இப்போதெல்லாம் ஞாயிறு காலை தயாளினி அந்தச் சின்ன அறைக்குள் போகிறார். கணேசலிங்கம் துவக்கை மடித்துப் பிடிக்க, அவர் குனிந்து, பின்பக்கத்தால் ஒரு கண்ணை வைத்து, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே முதலில் வலது குழலைப் பார்க்கிறார். பிறகு இடது குழலை, கூடுதல் நேரம்.

"ரெண்டிலையும் வெளிச்சம் தெரியுது" என்கிறார். "போயிட்டு வாங்கோ."