வாடைக் காற்றில் வைத்த தீ

மாசிக் கடைசியில், வாடைக் காற்று முழுதாக ஓய்வதற்கு முன், எங்கள் குப்பத்துக்குத் தெற்கே இருந்த விழல் காட்டில் ஒரு பட்டை அளவுக்கு நாங்களே தீ வைப்போம். சித்திரையில் தெற்குக் காற்று எழுந்துவிட்டால், கரி மூட்டம் போடுகிறவர்கள் விட்டுச் செல்லும் ஒரு கங்கு போதும். காய்ந்த புல்லைப் பிடித்துக்கொண்டு நெருப்பு வடக்கே ஓடிவரும். முதலில் எங்கள் கூரைகள், பிறகு பழவேற்காடு ஊர், அதற்கும் அப்பால் டச்சு தேசத்து உலாந்தாக்காரர் கோட்டையும் அவர்களுடைய வெடிமருந்துக் கிடங்கும். ஆகவே பட்டையை எரிக்கக் கோட்டையில் தடை சொன்னதில்லை. காற்று வடக்கிலிருந்து வீசும்போது மட்டும் எரிக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. எங்கள் வழக்கமும் அதுதான்.

பட்டையின் தெற்கு ஓரத்தில் மண் தெரியும்படி புல்லைச் செதுக்கி, ஆள் படுக்கும் அகலத்துக்கு ஒரு வழி திறப்போம். அந்த வழிக்கு உட்புறமாகத் தீயை வைப்போம். வாடை எதிரே வீசுவதால் நெருப்பு வீடுகளை நோக்கி மெதுவாக ஊர்ந்து வரும். பொறிகள் மட்டும் பின்னால், தெற்கே பறக்கும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு நாங்கள் எங்கள் வீடுகளையே கொளுத்துவதுபோல் தோன்றும். ஆனால் காற்றோடு ஓடும் நெருப்பை யாராலும் பிடிக்க முடியாது. காற்றை எதிர்த்து வரும் நெருப்போடு கூடவே நடக்கலாம். ஏரித் தண்ணீரில் நனைத்த பழைய படகுப் பாய்களோடு ஆண்கள் இரு பக்கமும் நடந்து வருவார்கள். வெயில் ஏறியதும் தென்கிழக்கிலிருந்து கடல் காற்று கிளம்பும். அதற்குள் தீ அவிந்திருக்க வேண்டும்.

காற்றைப் பார்ப்பது என் வேலை. நான் கோட்டைக் கிடங்கில் துணி அளப்பவன், கடலுக்குப் போகாதவன். நெருப்பருகில் என்னால் பெரிய உபயோகம் இல்லை. ஆனால் ஓரிடத்தில் நின்று ஒன்றையே பார்க்கச் சொன்னால் பார்த்துக்கொண்டே நிற்பேன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு மூங்கிலின் உச்சியில் கழித்துப்போட்ட துணித் துண்டைக் கட்டி, அதன் அடியில் நிற்பேன்.

நான் சொல்லும் வருடத்தில் மழை பிந்தியது. விழலும் பிந்திக் காய்ந்தது. பட்டையின் வடக்குப் பாதி என் அக்கா வீட்டை ஒட்டியது. அந்த விழலைத்தான் அவள் கூரைக்கு நம்பியிருந்தாள். பச்சையாக அறுத்தால் கூரையில் மக்கிவிடும் என்று காத்திருந்தாள். பங்குனியில் அவள் மகளுக்குக் கல்யாணம். ஊர்க் காரியங்களை முடிவு செய்யும் நாட்டார், மறுநாள் காலையே தீ வைப்பது என்று சொல்லிவிட்டார்.

"இன்னும் ரெண்டு நாள் வுடு நைனா," என்றாள் அக்கா. "மாப்ள வூட்டுக்காரங்க வந்து ஓட்டைக் கூரைய பாத்துனு குந்துவாங்களா?"

"உன் பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு வாடை நிக்குமாம்மா?" என்றார் நாட்டார்.

மறுநாள் விடிந்தபோது அவள் அரிவாளோடு விழலுக்குள் இருந்தாள்.

"இன்னாம்மா, நெருப்புக்கு நீயே சோறு ஊட்டப் போறியா?" என்றார் நாட்டார்.

"நீ கொளுத்து நைனா. அது நடந்துதான வருது? வந்து சேர்றதுக்குள்ள நான் அறுத்துக்கினு போய்டுவேன்."

நாட்டார் என்னைப் பார்த்தார். துணி தெற்கே நேராக ஆடிக்கொண்டிருந்தது. "அறுக்கட்டும்," என்றேன். அவளிடம், "நான் கூப்டா எழுந்து வந்துடணும் யக்கா," என்றேன்.

"கூப்புடு, கூப்புடு. நீ கூப்ட்டுதான் நான் இத்தினி நாளா எல்லாம் பண்ணினு கீறேன்."

தெற்கு ஓரத்தில் தீ வைத்தார்கள். அது முழங்கால் உயரத்துக்கு எரிந்தபடி வந்தது. சிறிது நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரியும் அரிவாளோடு இறங்கினாள். கோழி விவகாரம் ஒன்றில் இருவருக்கும் நெடுநாளாகப் பேச்சில்லை.

"உனக்காவ ஒண்ணும் வர்ல," என்றாள் அவள். "இந்தப் புல்லு கொறைஞ்சா என் கூரைக்கு நல்லது."

"வாய மூடினு அறு," என்றாள் அக்கா.

கட்டுகள் வீட்டு முற்றத்தில் சேர்ந்தன. பாதிக்குச் சற்று மேல் அறுத்திருப்பார்கள். அப்போது துணி ஆடுவதை நிறுத்தி மூங்கிலோடு ஒட்டித் தொங்கியது. நான் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி உடனே ஏறி வந்தாள்.

"இன்னும் நாலு கட்டுடா!" என்றாள் அக்கா, நிமிராமல்.

இரண்டாம் முறையும் கூப்பிட்டுவிட்டு நாட்டாருக்குக் கை காட்டினேன். இரண்டு பேர் போய் அவள் தோளைப் பிடித்து அழைத்து வந்தார்கள். அவள் முற்றத்தை அடைவதற்குள் துணி மறுபடி எழுந்தது. தெற்கே. வாடைதான். முன்பு போலவே ஒழுங்காக வீசியது. மீதி விழல் அவள் கண்ணெதிரே, அறுத்திருக்கலாம் என்று சொல்லும்படியான நிதானத்தில் எரிந்தது.

"துணி எந்தப் பக்கம் ஆடுது, சொல்லு," என்றாள்.

"தெக்கால."

"அப்ப வாடதான?"

"வாடதான். நடுவுல நின்னுச்சு."

"நின்னா இன்னா? நீயுந்தான் காலைலேர்ந்து நின்னுனு கீற. உன்ன பாத்து யாராவது ஓட்றாங்களா?"

பாய் பிடித்திருந்தவர்கள் சிரித்தார்கள். கடல் காற்று வந்தபோது பட்டையில் சாம்பல்தான் இருந்தது. நின்ற காற்று எந்தப் பக்கமிருந்து திரும்பி வரும் என்று முன்கூட்டித் தெரியாது. இன்னொரு முறை நின்றாலும் நான் அதே நேரத்தில்தான் கூப்பிடுவேன்.

கிடைத்த விழல் வீட்டின் முன்பக்கச் சரிவுக்குப் போதுமானதாக இருந்தது. பின்பக்கம் பழைய கூரையே நின்றது. பக்கவாட்டில் வந்தால் பாதி பொன்னிறமாகவும் பாதி சாம்பல் நிறமாகவும் தெரியும். மாப்பிள்ளை வீட்டாரை ஏரிப் பக்கமாக, முன்வாசலுக்கே அழைத்து வந்தோம். கல்யாணம் நடந்தது.

சித்திரையில் தெற்கிலிருந்து தீ வந்தது. கூரைக்கு ஒருவராகத் தண்ணீர்க் குடத்தோடு ஏறி உட்கார்ந்திருந்தோம். அக்கா பழைய சரிவின் மேல் இருந்தாள். நெருப்பு பனை உயரத்துக்கு எழுந்து, எரித்து வைத்த பட்டையின் ஓரம் வரை வந்தது. பட்டையில் விரல் நீளத்துக்குப் பச்சைப் புல் துளிர்த்திருந்ததே தவிர வேறொன்றும் இல்லை. அங்கேயே தாழ்ந்து அவிந்தது. அக்கா கீழே இறங்கி, குடத்துத் தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

ஐப்பசி மழையில் பின்பக்கச் சரிவு ஒழுகியது. நான் போகும்போதெல்லாம் சரியாக ஒழுக்குக்குக் கீழே பலகையைப் போடுவாள். "குந்துடா, இங்கதான் காத்து நல்லா வரும்," என்று சொல்லி ஒரு செம்பையும் கையில் கொடுப்பாள். சொட்டு அதில் விழும்படி பிடித்துக்கொண்டு, அவள் மகள் வீட்டுச் சேதிகளைக் கேட்பேன்.

அடுத்த மாசியில் விழல் அடர்த்தியாக நின்றது, காலத்தில் காய்ந்தது. தீ வைப்பதற்கு முன்பே அவள் முழுதும் அறுத்துப் பின்பக்கத்தையும் வேய்ந்துவிட்டாள். பலகை மட்டும் அதே இடத்தில் கிடந்தது. எனக்கும் அங்கே உட்காருவது பழகிவிட்டிருந்தது.