நாங்கள் முடிக்க மறுத்த பாட்டு

எண்பத்தொன்பதாம் ஆண்டு, இலங்கையின் மாத்தளை நகரில் ஒரு சிறிய ஹோட்டலின் பாரில் இது நடந்தது. அந்த ஹோட்டல் இப்போது இல்லை. அதை இடித்துவிட்டு மாடிக் கடைகள் கட்டிவிட்டார்கள்.

நான் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அப்போது நகரில் ஏலக்காய், மிளகு வியாபாரக் கடையொன்றில் கிளார்க்காக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். நாங்கள் நாலு பேர். பேஸ் கிட்டார் வாசித்தவர் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நண்பர். டிரம்ஸ் அடித்தவர் கராஜில் வேலை செய்த சிங்களவர். பாடியவனும் சிங்களவன்தான், என் வயதுக்காரன். நாவுலையில் வெங்காயமும் நெல்லும் செய்கிற குடும்பம். வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

சொந்தமாக ஒரு பாட்டுக்கூட நாங்கள் போட்டதில்லை. வெளிநாட்டு ராக் பாட்டுகளை கசட் தேயும்வரை கேட்டு, காதில் விழுந்தபடி வாசிப்போம். ஆங்கில வரிகளில் பாதி புரியாது. புரியாத இடத்தைப் பாடுகிறவன் தன் வாய்க்கு வந்த சத்தத்தால் நிரப்பிவிடுவான். ஒருமுறை ஒரு வெள்ளைக்காரப் பயணி அவனைக் கூப்பிட்டு, “இது எந்த மொழி?” என்று கேட்டுச் சிரித்தார். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவனோ அவரை விடச் சத்தமாகச் சிரித்தான். ஆனால் குரல் என்றால் அது குரல். மேலே ஏறும்போது லேசாக உடையும். அந்த இடத்தில் குடித்துக்கொண்டிருப்பவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த வருடம் சிங்கள இளைஞர்களுக்குப் பொல்லாத வருடம். ஒரு பக்கம் அரசாங்கத்தை எதிர்த்த சிங்களக் கிளர்ச்சிக்காரர்கள் கடையை மூடச் சொல்வார்கள். இன்னொரு பக்கம் அவர்களைத் தேடுகிறோம் என்று வருகிற அரசாங்க ஆட்கள் கையில் அகப்பட்ட பையன்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். போனவர்கள் திரும்பவில்லை. ஊரடங்கு காரணமாக எங்கள் இரவுக் கச்சேரிகள் எல்லாம் நின்றுபோய், ஞாயிறு பகல் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தோம். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் நாங்கள் பயப்படாமல் இருந்தோம்.

அன்றைக்குக் கூட்டம் குறைவு. நாலைந்து மேசைகளில்தான் ஆட்கள். மெதுவாகத் தொடங்கிப் பிறகு வேகமெடுக்கிற ஒரு பாட்டின் நடுவில் இருந்தோம். வாசலில் ஜன்னல் கறுத்த ஒரு வேன் வந்து நின்றது. நம்பர் பிளேட் இல்லை. சாதாரண உடுப்பில் மூன்று பேர் இறங்கி உள்ளே வந்தார்கள். ஒருவன் மேனேஜரிடம் குனிந்து ஏதோ சொன்னான். மற்றவன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மூன்றாமவன் கண்ணில் படவில்லை.

மேனேஜர் என் பக்கமாக வந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. என் காதோடு சிங்களத்தில் சொன்னார்:

“பாடுறவரைத்தான் கேக்குறாங்க. இந்தப் பாட்டு முடியட்டுமாம். முடிஞ்சதும் அனுப்பச் சொல்றாங்க.”

என் விரல்கள் தானாக வாசித்துக்கொண்டிருந்தன. பேஸ் வாசித்த நண்பரிடம் நகர்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் வாசித்தபடியே பின்னாலிருந்த சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “குசினிக் கதவுலயும் ஒருத்தன் நிக்கிறான் மச்சான். யா அல்லாஹ், என்ன செய்ற?” என்றார்.

பாட்டு முடிகிற இடம் வந்தது. அங்கே நான் கிட்டாரில் தனியாக ஒரு சிறு துண்டு வாசித்துப் பாட்டை முடிக்க வேண்டும். நான் முடிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். டிரம்ஸ்காரருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், அடியை விடாமல் பிடித்துக்கொண்டார்.

பாடுகிறவன் திரும்பிச் சிரித்தான். “என்ன மச்சான், முடிக்க மறந்துட்டியா?” என்று கேட்டான். என் கண்ணில் தண்ணீர் நிற்பதைக் கண்டிருப்பான். மெல்லத் திரும்பி மண்டபத்தைப் பார்த்தான். கதிரையில் இருந்தவன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் புரிந்துவிட்டது.

மைக்கைப் பிடித்து முதல் வரியிலிருந்து மறுபடி பாடினான். முடிவு வரும்போதெல்லாம் நாங்கள் திருப்பினோம். அவனும் எங்களோடு திரும்பினான். எத்தனை தடவை என்று தெரியாது. மேசைகளில் இருந்தவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். யாராவது வருவார்கள், ஏதாவது நடக்கும் என்று நான் வேண்டிக்கொண்டே வாசித்தேன். யாரும் வரவில்லை. கதிரையில் இருந்தவன்கூட அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் அவன் காலால் தாளம் போட்டதை நான் பார்த்தேன். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைசியில் பாடிக்கொண்டிருந்தவன்தான் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான். போதும் என்று அர்த்தம். நாங்கள் நிறுத்தினோம்.

மைக்கைத் தாங்கியில் ஒழுங்காக மாட்டினான். சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டான். என்னிடம் வந்து, “அம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு மச்சான். வேற யாராவது சொன்னா பயந்துருவாங்க” என்றான். கூட்டிக்கொண்டு போனார்கள். அவனை யாரும் அடிக்கவில்லை, இழுக்கவில்லை. ஏதோ கல்யாண வீட்டுக்கு அழைத்துப் போவது போல் போனார்கள். வேன் கதவு மூடிய பிறகுதான் டிரம்ஸ்காரர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

நானும் பேஸ் நண்பரும் உடனே நாவுலைக்கு பஸ் ஏறினோம். அவனுடைய அம்மா முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இருவர் மட்டும் வருவதைக் கண்டதும் அப்படியே எழுந்து நின்றார். சொன்னேன். நான் எதிர்பார்த்த மாதிரி அவர் கத்தவில்லை.

“சாப்பிட்டானா?” என்று கேட்டார்.

கச்சேரி முடிந்த பிறகுதான் எங்களுக்கு ஹோட்டலில் சாப்பாடு. “இல்லம்மா” என்றேன். அப்போதுதான் அவர் மிளகாய் மேலேயே உட்கார்ந்து அழுதார்.

மறுநாளிலிருந்து அந்த அம்மாவோடு இராணுவ முகாம் முகாமாக அலைந்தேன். ஒரு முகாம் வாசலில் காவலுக்கு நின்றவன் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். தமிழ்ப் பெயரைக் கண்டதும் அவன் முகம் மாறியது. “சிங்களப் பொடியனைத் தேட உனக்கு என்ன அக்கறை? வா உள்ளே” என்று என் கையைப் பிடித்தான். அந்த அம்மா இடையில் புகுந்து என் மறு கையைப் பிடித்துக்கொண்டார்.

“இவன் என் வீட்டுப் பிள்ளை. நான்தான் துணைக்குக் கூட்டிட்டு வந்தேன். பிடிக்கிறதா இருந்தா என்னைப் பிடிங்க. இவனை விட்டுட்டு நான் இங்க இருந்து நகரமாட்டேன்.”

அவ்வளவு சத்தம் அவரிடம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. காவல்காரன் அட்டையை என் மேல் எறிந்துவிட்டு, போகச் சொன்னான்.

பஸ் தரிப்பிடம் வரும்வரை அவர் என் கையை விடவில்லை. அங்கே வந்ததும், “இனிமே நீ வராதே மகன். உன்னையும் பிடிச்சிட்டுப் போனா, உன் அம்மாவுக்கு நான் என்ன சொல்றது?” என்றார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அதன் பிறகு தனியாகத்தான் அலைந்தார். சாகும்வரை அவருக்கு ஒரு தகவலும் கிடைக்கவில்லை. அவன் என்ன செய்தான், ஏதாவது செய்தானா, யார் காட்டிக்கொடுத்தார்கள் என்பதும் எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் சேர்ந்து வாசிக்கவில்லை. டிரம்ஸ்காரர் வெளிநாடு போய்விட்டார். துணிக்கடை நண்பரை இப்போதும் வீதியில் காண்பேன். வீட்டு விஷயங்கள் பேசுவோம். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறப்பதில்லை.

பாட்டைத் திருப்பித் திருப்பி வாசித்து நாங்கள் அவனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் வாழக் கொடுத்தோமா, அல்லது இன்னும் கொஞ்ச நேரம் பயப்படக் கொடுத்தோமா என்பது எனக்கு இன்றும் தெரியவில்லை. தன் பிள்ளையைத் தேடிப் போன இடத்தில் என்னைக் காப்பாற்றித் திருப்பி அனுப்பிய அந்தத் தாயிடம் அதைக் கேட்கும் தைரியம் கடைசிவரை எனக்கு வரவில்லை.