அரிதாளும் எங்க வீட்டுக்காரரும்

எங்க வீட்டுக்காரரு பேரு பேயாண்டி. புருசன் பேரச் சொல்லிட்டாளே இந்த அன்னக்கொடின்னு மூஞ்சியச் சுளிக்காதீங்க, சொல்லாம இந்தக் கதையச் சொல்ல முடியாது. கடைசியா யாரு பேசினாங்களோ, அவங்க சொல்றதுதான் அந்த மனுசனுக்குச் சரி.

வாடிப்பட்டிக்குக் கிழக்க, பெரியாத்து வாய்க்கால் பாசனத்துல ஒரு ஏக்கர் வயலு. மதுரையில ஜவுளி யாவாரம் பண்ற சௌரிராஜன் முதலாளியோடது. நாங்க குத்தகைக்குப் பாத்தோம். அறுப்பு முடிஞ்சதும் வயல்ல நிக்கிற அரிதாளுக்குத் தீ வச்சிட்டுத்தான் உழுவோம். விளைச்சல் வருசா வருசம் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஆயிரத்தித் தொள்ளாயிரத்து முப்பத்தாறுல முதலாளி கறாராச் சொல்லிட்டாரு: "இந்தத் தடவையும் கெட்டா வேற ஆளுக்கு விட்டுருவேன், பேயாண்டி."

அந்த நேரம் பாத்து விவசாய இலாகா ஆளு ஒருத்தரு சைக்கிள்ல வந்தாரு. "தீ வைக்காதீங்க. தண்ணி விட்டுத் தாளச் சேத்துல மடக்கி உழுங்க. மூணு வாரம் அழுகட்டும், அப்புறம் நடுங்க. அதான் உரம்"னாரு. இவரும் சரின்னு மடக்கி உழுதாரு. பத்தாம் நாளே ஊரு நடவுல எறங்கிருச்சு. "ஊரோட நட்டாத்தான மாப்ள தண்ணி கெடைக்கும்"னான் பக்கத்து வயலு மொக்கையன். அதுவும் சரின்னு பட்டுருச்சு. நட்டுட்டோம்.

கால வச்சா சேத்துல கொப்புளம் கொப்புளமாக் கெளம்புது, நாத்தம் கொடலப் புடுங்குது. எட்டே நாள்ல பயிரெல்லாம் மஞ்சளாப் பழுத்துப்போச்சு.

"தாளு விசம் ஏறிருச்சு மாப்ள. புடுங்கிப் போட்டுட்டு எங்கிட்ட மிஞ்சின நாத்த நடு"ன்னான் மொக்கையன். இவரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்கி, பாதி வயலப் புடுங்கிட்டாரு. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! நட்டவ நானு, இடுப்பு இன்னும் நிமிரல. மிச்ச வயலுக்கு நடுவுல போயிச் சேத்துலயே சப்பணம் போட்டு உக்காந்துட்டேன். "மொதல்ல என்னையப் புடுங்குங்க, அப்புறம் இதப் புடுங்குங்க!" கெஞ்சினாரு, திட்டினாரு, கடைசியில அழுதேபுட்டாரு. நான் எந்திரிக்கல.

சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வெறும் வீம்பு.

ரெண்டு வாரத்துல என் பாதி கருகருன்னு பச்சை கட்டிருச்சு. அதுக்குள்ள தாளு அழுகி முடிஞ்சிருச்சோ என்னமோ. மொக்கையன் குடுத்த முத்தின நாத்து நோஞ்சானா நின்னுச்சு. அறுப்புக்கு வந்த முதலாளி நல்ல பக்கத்தக் காட்டி, "இது யாரு வேலை?"ன்னாரு. இவரு பொய் சொல்லியிருக்கலாம். "அவ வேலைதான் முதலாளி"ன்னாரு.

"அப்ப இனிமே குத்தகை அன்னக்கொடிக்குத்தான்" அப்படின்னுட்டுப் போயிட்டாரு முதலாளி. சந்தோசப்படுறதா, வெக்கப்படுறதா? ரெண்டு பேருக்குமே வெளங்கல.

அறுப்பு முடிஞ்ச மறுநா, வரப்புல நின்னு என் மூஞ்சியவே பாக்குறாரு. "சொல்லு புள்ள, கொளுத்தவா, மடக்கவா? எப்ப நடலாம்?"

தப்பாச் சொன்னா வயலு போயிரும். பாவி மனுசன், இத்தன வருசமா இம்புட்டுப் பயத்தையும் ஒத்தையாவா சுமந்தாரு?

"எனக்கும் தெரியலங்க"ன்னேன்.