சார் வராத ஒரு மாதம்

அரியலூரில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு நடக்கவும் பேசவும் பயிற்சி தரும் சிறிய மையம் ஒன்றில் நான் ஆசிரியை. அதைத் தொடங்கி நடத்தியவரை எல்லோரும் 'சார்' என்றே அழைப்போம். வேன் எந்த வழியில் போவது என்பதிலிருந்து மதியம் என்ன குழம்பு என்பதுவரை அவர்தான் சொல்வார். ஒருமுறை அவர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் படுத்தார். அவரைக் கேட்காமல் திறக்க எங்களுக்குத் துணிவில்லை. மையம் பூட்டிக் கிடந்தது. குவாரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தாய் கேட்டாள்: "சாருக்கு முடியலன்னா எம்புள்ள நடக்க வேணாமா டீச்சர்?"

அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க அனுப்பியது. அந்த ஆண்டே பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் தொண்டு நிறுவன மேலாண்மை முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். சனி, ஞாயிறுகளில் வகுப்பு. என்னைத் தவிர எல்லோரும் சின்னஞ்சிறுசுகள். பஸ்ஸில்தான் படித்தேன். சிமெண்ட் லாரிக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தால் எனக்கு லாபம். இன்னும் இரண்டு பக்கம் ஓடும்.

இரண்டாம் ஆண்டு ஆய்வுக்கு, "உங்க நிறுவனத்துல எது மாறணுமோ அத செஞ்சு பாத்துட்டு எழுதுங்க" என்றார் பேராசிரியை. நான் சாரிடம் போனேன்.

"சார், ஒரு மாசம் நீங்க வராம இருங்க. நாங்க நடத்திப் பாக்குறோம்."

அவர் முகம் கறுத்தது. "என்னம்மா, எனக்கு நாள் குறிச்சிட்டியா?"

"இல்லைங்க சார். இன்னொரு தடவ நாம பூட்டக் கூடாது."

எழுந்து போய்விட்டார். மறுவாரமும் கேட்டேன். அதற்கடுத்த வாரமும் விடவில்லை. கடைசியில் அவர் மனைவிதான், "ஒரு மாசம் வூட்டுல இருந்தா தேஞ்சா போயிடுவீங்க?" என்று முடித்துவைத்தார்.

முதல் சில நாட்கள் எதற்கெடுத்தாலும் போனை எடுத்தோம், அவரை அழைக்காமலே வைத்தோம். பிறகு வேன் பழுதாகி ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. சார் இருந்திருந்தால் லீவு விட்டிருப்பார். நாங்கள் உட்கார்ந்து பேசினோம். குழந்தைகள் வர முடியாவிட்டால் நாம் போவோம் என்று முடிவானது. ஸ்கூட்டியிலும் டவுன் பஸ்ஸிலும் ஆளுக்கொரு ஊராகக் கிளம்பினோம்.

போன இடத்தில்தான் தெரிந்தது, மையத்தில் நாங்கள் செய்யும் பயிற்சி எதையும் வீட்டில் யாரும் தொடர்வதில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்ததே இல்லை. வேன் சரியான பிறகும் வாரத்தில் ஒரு நாளை வீடுகளுக்கென்று ஒதுக்கினோம்.

சார் திரும்பி வந்து கேட்ட முதல் கேள்வி: "யாரக் கேட்டு செஞ்சீங்க?"

மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "நாங்களே பேசி முடிவெடுத்தோம் சார்" என்றேன்.

எந்தெந்த வீட்டுக்குப் போனோம் என்று விசாரித்தார். பிறகு, "அடுத்த தடவ நானும் வரேன்" என்றார்.

"வாங்க சார். ஆனா அங்க நாங்கதான் பேசுவோம்."

படிப்பை முடித்துவிட்டேன். சாரே ஒப்படைத்ததால் இப்போது மையத்தின் பொறுப்பு என்னிடம். முடிவுகளை வாரக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து எடுக்கிறோம். போன மாதம் சாரின் யோசனை ஒன்றைக் கூட்டம் ஏற்கவில்லை. கதவை அறைந்துவிட்டுப் போனார். அடுத்த கூட்டத்துக்கு எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.