உப்பு வெளியேறும்போது

1930களின் நடுவில் நான் சிங்கப்பூர்த் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கு ஜொகூர் பாருவிலிருந்து செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் கைக்குழந்தை காய்ச்சலில் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. என் மனைவி அழவில்லை, பேசவுமில்லை. சமைத்தாள், பாத்திரம் கழுவினாள். நானும் வேலைக்குப் போய் வந்தேன்.

அவளுடைய அண்ணன் நாகப்பட்டினம் கப்பலில் ஊருக்குப் போகவிருந்தார். தங்கையையும் அழைத்துப்போவதாகச் சொன்னார். அங்கே ஒரு பூசாரி வேப்பிலையால் அடித்து அழவைப்பாராம்.

அந்த வாரம் என்னைக் கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரை குளத்துப் பாசியில் மின்சாரம் அளந்துகொண்டிருந்தார். விரல் நீளத்துக்குப் பாசியின் ஒரே ஒரு செல், கண்ணாடித் தட்டில் நீரில் கிடந்தது. அதிலிருந்து இரண்டு கம்பிகள் மின்மானிக்குப் போயின. மின்மானி சுவரில் ஓர் ஒளிப்புள்ளியைக் காட்டியது. துரை செல்லின் முனையில் லேசாக மின்சாரம் கொடுத்தார். புள்ளி துள்ளி விலகி, மெதுவாகத் திரும்பியது. செல்லைச் சுற்றிய சவ்வு ஒரு கணம் வழிவிடுகிறது, உள்ளிருக்கும் உப்பின் மின்னேற்றத் துணுக்குகள் வெளியே போகின்றன என்றார். இன்று அவற்றை அயனி என்கிறோம். நான் ‘உப்பு வெளியேறுகிறது’ என்று எழுதிக்கொண்டேன்.

உடனே மறுபடி மின்சாரம் கொடுத்தார். புள்ளி அசையவில்லை.

“செத்துப்போச்சா, தொரை?”

“சாகலே. இப்ப அடிச்சா ஒண்ணும் வராது. சும்மா வுடு, அதுவா வரும்,” என்றார், தோட்டத்தில் கற்ற தமிழில்.

காத்திருந்தோம். மூன்றாம் முறை மின்சாரம் கொடுத்ததும் புள்ளி துள்ளியது.

வீட்டில் மைத்துனர் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்.

“வாங்க மச்சான். இங்க பொண்டாட்டி கல்லாட்டம் இருக்கா, நீங்க பாசி பாக்கப் போய்ட்டீங்க!”

“அவளை இப்ப அனுப்பல மச்சான். கொஞ்ச நாள் சும்மா விடுங்க.”

சாப்பிட உட்கார்ந்ததும் அவர் மறுபடி தொடங்கினார். “புள்ள போயி, ரெண்டு பேருக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறீங்களா?”

பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியை நிறுத்தினாள்.

“இல்லண்ணே,” என்றாள். “கொழம்புல இன்னிக்கு உப்பு போட மறந்துட்டேன்.”

அவர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். உண்மைதான். உப்பு ஜாடியைக் கேட்டார். அவள் எடுத்து வந்து வைத்தாள்.

கப்பலில் அவர் மட்டும் போனார்.