பிரசவ லேகியம்

மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையில் யாரோ பிரசவ லேகியத்துக்குச் சாமான் கேட்டார்கள். பொட்டலம் பிரிந்து சுக்கும் திப்பிலியும் மூக்கில் ஏறியதும் எனக்கு முகம் சூடாகிவிட்டது.

எழுபதுகளில், எனக்கு எட்டு வயதிருக்கும். அநாதை இல்லத்திலிருந்து தம்பியைத் தத்தெடுத்து வந்த வாரம், அம்மா வாசல்வரை நெய் மணக்க லேகியம் கிளறினாள். பக்கத்தாத்து மாமி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“பெத்தவாதானே லேகியம் சாப்பிடணும்? நீ எதுக்குடி?”

நான் வெட்கத்தில் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்தேன். மாமி போனதும், “என்னைப் பெத்தப்போ சாப்பிட்டிருப்பியே, அது போறாதாம்மா?” என்றேன்.

அம்மா கரண்டியை நிறுத்தவில்லை.

“உன்னை எடுத்துண்டு வந்தப்பவும் இப்படித்தான் கிளறினேன். அன்னிக்கு வெக்கப்பட்டுண்டு ஜன்னலையெல்லாம் சாத்திட்டேன்.”